கரித்தொட்டியில் சாம்பிராணி

நீங்கள் வடிக்கிற ஸ்பிரிட்டை யாரும் குடிக்கப் போவதில்லை. வார்னிஷ் காய்ச்சுகிறவர்களும் மருந்து கலக்குகிறவர்களும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, அது காட்டுகிற எண் சரியாக இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. அதனால்தான் உங்கள் ஆலையிலிருந்து நான் ஓய்வு பெற்று விடைபெற வந்த அன்று உங்களில் ஒருவர், "மூக்குக்குச் சம்பளம் வாங்கினீங்களாமே, நிஜமா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அதில் வருத்தமில்லை. நிஜந்தான். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கேட்டபிறகும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில், ராசிபுரம் தாண்டி, ஒரு கரட்டின் அடிவாரத்தில் எங்கள் வடிசாலை இருந்தது. பல வருஷம் அங்கே கடைச் சாராயம் மட்டுந்தான் வடித்தார்கள். பீப்பாயில் போகும், வாடை ஊரைத் தூக்கும். குடிக்கிறவனுக்கும் அந்த வாடை வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கலந்துவிட்டதாகக் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்பான். முதலாளிக்கு அந்த வியாபாரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஒரு தடவை ஏற்காட்டுக்குப் போனவர், அங்கே காப்பித் தோட்டத்துத் துரை ஒருவரிடம் தம் தொழிலைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். துரை, "உங்கள் சரக்கு விளக்கு எரிக்க நல்லது" என்றாராம். அதோடு முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. அந்தத் துரையின் மேஜைமேல் தம் சீசா ஒன்று உட்கார வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எங்கள் கெமிஸ்ட் மதராஸ்காரர். படித்தவர், அதிகம் பேசாதவர். அவர்தான் ஒரு வழி சொன்னார். ருஷ்யாவில் வோட்கா என்று ஒன்று வடிக்கிறார்கள், அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, அடுப்புக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி எல்லா வாடையையும் எடுத்துவிடுகிறார்கள் என்றார்.

முதலாளி யோசித்தார். "ஏனுங்க, ஒண்ணுமே இல்லாததை எவனுங்க காசு குடுத்து வாங்குவான்?"

"ஒண்ணுமே இல்லாம செய்யறதுதாங்க கஷ்டம். அதுக்குத்தான் காசு" என்றார் கெமிஸ்ட்.

அப்படிப் பிறந்ததுதான் 'வெண்முத்து'. பரமத்தி வேலூர்ச் சந்தை வெல்லத்தில் ஊறல் போட்டு, பொறுமையாகப் பலமுறை வடித்து, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் தள்ளிவிட்டு, நடுவில் வருவதை மட்டும் கொட்டாங்குச்சிக் கரி நிரப்பிய தொட்டியில் விடுவோம். அடியில் சொட்டுவதைச் சீசாவில் அடைத்து, தக்கை போட்டு அரக்கு வைப்போம். லேபிளில் பெயருக்குக் கீழே 'மணமற்றது' என்று அச்சடித்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முதலாளி ஒரு வருஷம் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தார். அது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

நான் சேந்தமங்கலம் பக்கத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. வெல்லம் எடைபோட்டு வாங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாகு அடிப்பிடித்த வெல்லம் எந்தச் சிப்பத்தில் இருக்கிறதென்று சாக்கைப் பிரிக்காமலே சொல்வேன். கெமிஸ்ட் அதைக் கவனித்து என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். பொடி கூடாது, வெற்றிலை கூடாது, வாசனை எண்ணெய் கூடாது என்றார். சரியென்றேன். என் மனைவி மல்லிகை வைத்துக்கொண்டு எதிரே வந்தால் தள்ளி நிற்கச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். குடிப்பதும் கூடாது என்றார். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அந்த வடிசாலையில் இருந்தவரை ஒரு வாய் குடித்தவனில்லை.

எப்படிப் பார்ப்பேன் என்றால், டம்ளரில் ஊற்றியதை முகர மாட்டேன். அதில் ஸ்பிரிட்டின் காரந்தான் மூக்கில் ஏறும். டம்ளரைக் கொட்டிவிட்டு, தட்டின்மேல் கவிழ்த்து வைத்துக் காத்திருப்பேன். ஸ்பிரிட் பறந்துவிடும். போகாமல் தங்கியிருப்பது எதுவோ அதுதான் அழுக்கு. வெறும் டம்ளரை முகர்ந்தால் அகப்பட்டுவிடும். நீங்களும் ஒருநாள் செய்து பாருங்கள், ஹைட்ரோமீட்டர் கோபித்துக்கொள்ளாது.

ஏற்காட்டில் வெண்முத்து ஓரளவு போயிற்று. அதற்குப் பிறகு மதராஸிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அங்கே இருக்கிற கிளப்புகளுக்கும் ஓட்டல்களுக்கும் சரக்குக் கொடுக்கிறவர். மாதிரிச் சீசா ஒன்றை வாங்கிக்கொண்டு போய், பெரிய ஆர்டர் அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. மாதிரிச் சீசாவைப் பத்திரமாக வைத்திருப்பார், வருகிற சரக்கை அதோடு வைத்துப் பார்ப்பார், துளி வித்தியாசம் இருந்தாலும் மொத்தத்தையும் திருப்பிவிடுவார், அப்புறம் அவர் வாசல் பக்கமே போகக் கூடாது. மதராஸில் அவர் வேண்டாமென்றால் வேறு யாரும் தொட மாட்டார்கள். வெண்முத்து பிழைப்பதும் சாவதும் அந்த முதல் சரக்கில்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஆர்டருக்காகவே புதிதாகப் பெரிய கரித்தொட்டி ஒன்று கட்டினோம். கரியும் புதிது. அது தயாரான சமயம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. ராசிபுரத்திலும் இளம்பிள்ளையிலும் தறிக்குத் தறி சந்தனம் வைத்துச் சாம்பிராணி போடுவார்கள். வயற்காட்டில் ஏர், சாலையில் லாரி, கடையில் தராசு, ஒன்றையும் விடமாட்டார்கள். வடிசாலையிலும் பாய்லரிலிருந்து தக்கை அடிக்கிற சுத்தியல்வரை பொட்டு வைப்பார்கள். புதிதாக வந்த எதையும் சாம்பிராணிப் புகை காட்டாமல் புழங்க மாட்டார்கள்.

அந்தப் பூஜைக்கு நான் இல்லை. அதற்குச் சில நாள் முன்னால் ஊரில் என் பெரியப்பா காலமாகிவிட்டார். பங்காளிகள் எல்லாருக்கும் தீட்டு. கருமாதி முடியும்வரை எங்கள் வீடுகளில் விளக்கேற்றுவதில்லை, சாம்பிராணி போடுவதில்லை, சவரம் செய்துகொள்வதுகூட இல்லை. நான் ஊரோடு இருந்துவிட்டேன்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய பிறகு கெமிஸ்ட் ஆள் அனுப்பினார். புதுத் தொட்டியில் இறக்கிய ஸ்பிரிட் தயார், மறுநாள் காலையில் சீசாவில் அடைத்துச் சேலம் ஜங்ஷனுக்கு அனுப்ப வேண்டும், ஒருநடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். சைக்கிளில் போனேன். வடிசாலை வாசலிலேயே மேஸ்திரி வழிமறித்தார். வேலையாட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர், பூஜையை எடுத்துச் செய்கிறவரும் அவரே.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. பூசை போட்ட எடம். தீட்டோட உள்ள வராதீங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வாசல் ஓரத்துப் புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். கெமிஸ்ட் டம்ளரை வெளியே கொண்டுவந்தார். கொட்டிக் கவிழ்த்து வைத்தேன். சற்றுப் பொறுத்து எடுத்து முகர்ந்தால், சாம்பிராணி.

லேசாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகமே இல்லை. வேறு டம்ளரில் மறுபடி பார்த்தேன். அதிலும் அதேதான். "சாம்பிராணி அடிக்குதுங்க" என்றேன். கெமிஸ்ட் முகர்ந்தார், ஒன்றும் தெரியவில்லை என்றார். மேஸ்திரியும் முகர்ந்து, இல்லையென்று தலையாட்டினார். சீசா கழுவுகிற பெண்கள், பாய்லர்க்காரர், எல்லாரிடமும் டம்ளர் போய்வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவரும் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சவரம் செய்யாத முகமும் கசங்கின வேட்டியுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"துக்க ஊட்டுல இருந்து வந்திருக்கறீங்க. சரியாத் தூங்கியிருக்க மாட்டீங்க" என்றார்.

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "பூசை போட்டதால சரக்குக் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களா? சாமி காரியத்துல போயி குத்தம் கண்டுபுடிக்கறீங்களேங்க" என்றார். சுற்றி நின்றவர்களுக்கும் அதே எண்ணந்தான். தீட்டுக்காரன் வந்து தெய்வ காரியத்தைப் பழிக்கிறான். எத்தனையோ பேர் ஒரே குரலில் இல்லை என்று சொல்லும்போது, உண்டு என்று சொல்கிற வாய் தானாகத் தணிந்துபோகும். நானும் ஒரு நிமிஷம், நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்போது கெமிஸ்ட் டம்ளரை வாங்க என் பக்கம் வந்தார். அவர் சட்டையில் சாம்பிராணி வாசம் அடித்தது. மேஸ்திரியின் தலைமுடியில் அடித்தது. முதலாளியின் அங்கவஸ்திரத்தில் அடித்தது. அந்த ஜில்லா முழுக்க வீடு, கடை, தறிக்குழி எல்லாம் நாள்கணக்காக அந்தப் புகையில் மூழ்கியிருந்தது. எல்லார் மூக்கிலும் அது குடியேறிவிட்டது. வந்து குடியேறியதை மூக்கு கணக்கில் வைக்காது. புகை படாதவன் நான் ஒருவன்தான்.

இதைச் சொன்னேன். முதலாளி உடனே மறுக்கவில்லை, ஆனால் இறங்கியும் வரவில்லை. "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுமுங்க. உங்க ஒருத்தர் மூக்கை நம்பிச் சரக்கை நிறுத்துனா, மெட்ராஸ்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நிறுத்தாம அனுப்பினா அங்க இருக்கற மூக்கு பதில் சொல்லிரும்" என்றார் கெமிஸ்ட். அவருக்கு வாசம் தெரியவில்லை. தெரியாதபோதும் என் பக்கம் நின்றார். அந்த உதவியை நான் மறக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. புகை படாதவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. என் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. "பொழுதுக்குள்ள எங்க பங்காளிகளைக் கூட்டிட்டு வாரேனுங்க. அவங்க மூக்குல கேட்டுக்கலாம்" என்றேன். முதலாளி என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். பிறகு தம் வில்வண்டியையே கொடுத்தனுப்பினார்.

கொள்ளி வைத்த அண்ணன் வீட்டைவிட்டு வரக் கூடாது. மற்றவர்களில் ஆறு பேரை இழுத்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் காட்டு வேலைக்காரர்கள். ஒருவருக்கும் விஷயம் சரியாகப் புரியவில்லை. வடிசாலை வாசலில் இறங்கியதும் மூத்தவர் ஒருவர், "ஏப்பா, பெரியப்பனுக்குத் தீட்டுக் காக்கறமா, சாராயக் கடைக்கு வந்திருக்கறமா?" என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

மேஸ்திரி அவர்களையும் உள்ளே விடவில்லை. புளியமரத்தடியில் பெஞ்சு போட்டு, கெமிஸ்ட் வெறும் டம்ளர்களைக் கவிழ்த்து வரிசையாக வைத்தார். சிலவற்றில் பழைய தொட்டிச் சரக்கை ஊற்றிக் கொட்டியிருந்தார், சிலவற்றில் புதுத் தொட்டியினுடையதை. எது எது என்று அவருக்கு மட்டுந்தான் தெரியும். நான் ஏதாவது ஜாடை காட்டிவிடுவேன் என்று என்னைச் சாலைப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். அங்கிருந்தபடி பார்த்தேன். தாடியும் மீசையுமாக என் பங்காளிகள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து டம்ளரை முகர்கிறார்கள், வடிசாலை ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பெரியப்பா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

முதல் ஆள் ஒரு டம்ளரை எடுத்து, "இது வெறும் டம்ளருங்க" என்றார். அடுத்ததை எடுத்தவர், "இது நோம்பி ஊட்டு வாசமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் பண்டிகைக்கு நோம்பி என்று பேர். கெமிஸ்ட் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவரும் அதே டம்ளரைத் தொட்டு, சாம்பிராணி போட்டீங்களா என்று கேட்டார். மூத்தவர் மட்டும் எல்லா டம்ளரிலும் பொடி வாடை அடிப்பதாகச் சொன்னார். மடியில் பொடிமட்டையோடு வந்திருந்தார். அவரை விட்டுவிட்டுப் பார்த்தால், மற்றவர்கள் எல்லாரும் புதுத் தொட்டி டம்ளர்களை ஒன்றுவிடாமல் பிரித்து வைத்துவிட்டார்கள்.

அப்புறம் யாரும் என்னோடு வாதாடவில்லை. கெமிஸ்ட் உள்ளே போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். கரிக்கு மேலே சாம்பிராணிச் சாம்பல் கொஞ்சம் சிந்தியிருந்தது. புகைக் கரண்டியைத் தொட்டிக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள். அடுத்த நாள் கரண்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். வாசத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் கரியின் குணம். அதற்காகவே அதை வாங்கினோம். முதலில் எதைக் கொடுத்தோமோ அதை அது இழுத்துக்கொண்டது, பிறகு சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுத்தது.

முதலாளி முற்றத்தில் எல்லாரையும் நிற்க வைத்தார். "உள்ள வெச்சு மூடுனது யாரு?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு மேஸ்திரி முன்னால் வந்தார். "நாந்தானுங்க" என்றார்.

"அப்ப நாளையில இருந்து நீ வர வேண்டாம்."

மேஸ்திரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். என்னைச் சங்கடம் பிடுங்கித் தின்றது. சரக்கைக் காப்பாற்ற வந்தவன் ஒரு மனிதனின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்றிருந்தது. அப்போது கெமிஸ்ட், வழக்கமான குரலில், "முதலாளி, கொஞ்சம் ஆபீஸ் ரூமுக்கு வாங்க. மெட்ராஸுக்குத் தந்தி குடுக்கணும், என்ன எழுதறதுன்னு பார்க்கலாம்" என்றார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

தந்திக்கு ஒரு வரி போதும். அவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். முதலாளி நேராக மேஸ்திரியிடம் போனார். "நாளைக்கு நேரமே வந்துரு. கரியப் பூராவும் மாத்தோணும்" என்றார். மேஸ்திரி துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று கெமிஸ்ட் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். பூஜையன்று மேஸ்திரி தொட்டிக்கு வெளியேதான் புகை காட்டினாராம். "புதுத் தொட்டி, உள்ள வெச்சு மூடு, பொகை நல்லா நிக்கட்டும்" என்றவர் முதலாளி. சொன்னதையே அவர் மறந்துபோயிருக்கிறார். கேட்டவர்கள் யாரும் மறக்கவில்லை, ஆனால் யார் சொல்வது?

"நீங்களும் அங்கதான இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"இருந்தேன். கரி என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா? கை கூப்பிக்கிட்டு நின்னேன்" என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சரக்கில் குறை என்றால் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், எத்தனை பேர் இல்லையென்றாலும் சொல்லுங்கள். ஆளிடம் குறை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள். கெமிஸ்ட் அதை முற்றத்தில் சொல்லியிருந்தால் முதலாளிக்குத் தம் கௌரவத்தைக் காப்பாற்ற மேஸ்திரியைத் துரத்துவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

மதராஸ்காரர் தாமதத்துக்காகக் கோபித்துக்கொண்டு ஆர்டரைப் பாதியாகக் குறைத்தார். புதுக் கரியில் இறக்கிய சரக்கு போயிற்று. மாதிரிச் சீசாவோடு வைத்துப் பார்த்திருப்பார், அடுத்த ஆர்டர் முழுதாக வந்தது. அதன்பிறகு அங்கிருந்து ஒரு புகாரும் வரவில்லை. எங்கள் வேலையின் அடையாளமே அதுதான். வராத புகாரை யாரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியும்?

அடுத்த வருஷம் புரட்டாசி நடுவில் மதுவிலக்கு வந்தது. மாகாணத்திலேயே முதலில் எங்கள் சேலம் ஜில்லாவுக்குத்தான். கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் ஒரே நாளில் மூடினார்கள். ஊர்ப் பெண்கள் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். அவர்கள் சந்தோஷத்தில் நியாயம் இருந்தது. எங்கள் கடைச் சாராயம் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று எனக்குத் தெரியாதா? வெண்முத்துவும் அதோடு போயிற்று. மதுவரி பார்க்கிற ஆப்காரி இன்ஸ்பெக்டர் வந்து இருப்பை எடுத்துக்கொண்டு போனார். தொட்டிகளைக் காலி செய்து, கழுவிக் காய வைத்தோம்.

மாதம் முடிவதற்குள் ஆயுத பூஜை வந்தது. வேலை இல்லை, ஆனால் பூஜையை எப்படி விடுவது? பழைய ஆட்கள் பாதிப் பேர் வந்தார்கள். எனக்கு அந்த வருஷம் தீட்டு இல்லை, போயிருந்தேன். மேஸ்திரி பாய்லருக்குப் பொட்டு வைத்தார், யாரும் அடிக்கப்போகாத தக்கைச் சுத்தியலுக்கும் வைத்தார். கரித்தொட்டிக்கு வந்ததும் புகைக் கரண்டியை முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பொட்டுக் கரியில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இப்ப உள்ள காட்டலாமுங்களா?"

பழக்கதோஷம், முதலில் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

"காட்டுங்க" என்றேன்.

முதலாளி குனிந்து கரண்டியைத் தொட்டிக்குள் வைத்தார். மேஸ்திரி மூடியைத் தூக்கி எடுத்துக்கொண்டு, முதலாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் மூடினார்.